புத்தளக் கரையோரத்துக்கு ஒரு நூல் அடுக்கு: பிரதேச, வரலாற்று, குடும்ப வாசிப்பு நூல்களின் தெரிவு பற்றிய ஆய்வு

1. பொருளும் எல்லையும்

இலங்கையின் வடமேற்கில், வடக்கே குதிரைமலை முனைக்கும் தெற்கே மகா ஓயா கடலில் விழும் இடத்துக்கும் நடுவே கிடக்கும் நிலத்தையே இக்கட்டுரை புத்தளக் கரையோரம் எனக் கொள்கிறது. புத்தளம் களப்பு, அதை மேற்கே மறித்து நிற்கும் கற்பிட்டித் தீபகற்பம், பாலாவியின் உப்பளங்கள், முந்தல், உடப்பு, முன்னேஸ்வரம், சிலாபம், மாரவில, வென்னப்புவ என நீள்கிறது இக்கரை. தமிழ் பேசும் முஸ்லிம்களும் இந்துக்களும் கத்தோலிக்கரும் இங்கே வாழ்கின்றனர். சிங்களம் பேசும் கத்தோலிக்கரும் பௌத்தரும் வாழ்கின்றனர். சிலாபத்துக்குத் தெற்கே பாட்டன் தமிழில் செபம் சொன்ன வீட்டில் பேரன் சிங்களத்தில் படிக்கிறான் என்பது அவ்வூர்க்காரருக்குப் புதிய சங்கதி அல்ல.

இக்கரையில் ஒரு குடும்பமோ ஊர் வாசிகசாலையோ பாடசாலை நூலகமோ தன் நிலத்தைப் பற்றிய நூல்களை ஒரே தட்டில் அடுக்க விரும்பினால் எவற்றைத் தெரிவு செய்யலாம் என்பதே ஆய்வின் கேள்வி. நடைமுறையில் இதற்குக் கிடைக்கும் விடை எளிது: முஸ்லிம் வீட்டுக்கு இஸ்லாமிய நூல்கள், கத்தோலிக்க வீட்டுக்கு வேதநூல்கள், இந்து வீட்டுக்குப் புராணங்கள், மற்றப்படி பரீட்சைக்கான வினாவிடைப் புத்தகங்கள். இந்தப் பங்கீடு பிழையானது என்பதே கட்டுரையின் கருத்து. இக்கரையைப் பற்றிய நூல்களைச் சமூகவாரியாகப் பிரித்தால் ஒவ்வொரு தட்டிலும் பாதிக் கதைதான் இருக்கும். முக்குவரின் கதையைச் சிங்கள ஓலைச்சுவடி சொல்கிறது. அரபுப் பயணி இங்கிருந்து பிராமணரோடும் யோகிகளோடும் மலை ஏறப் போகிறார். கொங்கணி பேசிய குருவானவர் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுகிறார். ஆகவே இத்தெரிவுக்கு அடிப்படை கரையே.

2. அளவுகோல்

நூல் ஒன்று இக்கரையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது இக்கரையைப் பற்றிப் பேச வேண்டும், அல்லது இக்கரையாரின் வாழ்வைப் புரிந்துகொள்ள உதவும் அண்டைக் கரையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். இதில் சிக்கல் இல்லை. குடும்பத்துக்கு ஏற்றது எது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பொதுவாக இத்தொடர், பிள்ளைகள் கண்ணில் படக்கூடாதது எதுவும் இல்லாத நூலைக் குறிக்கிறது. அந்தக் கணக்கில் பழைய நூல்களில் முக்கால்வாசி வெளியே போய்விடும். எஞ்சுவது நீதிக் கதைகளும் பொது அறிவுப் புத்தகங்களுமே. இக்கட்டுரை வேறொரு சோதனையை வைக்கிறது. வீட்டில் ஒருவர் உரக்க வாசிக்க, பாட்டியும் பத்து வயதுப் பிள்ளையும் ஒன்றாக இருந்து கேட்க முடியுமா? இடையில் பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பெரியவர் வெட்கப்படாமலும் பொய் சொல்லாமலும் விடை சொல்ல முடியுமா? முடியுமானால் அது குடும்ப நூல். துயரமோ சாவோ அதில் இருப்பது தடை ஆகாது. முழு நூலும் தேறாவிட்டால் தேறும் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எதை விட்டோம் என்பதை முன்னுரையில் சொல்லிவிட வேண்டும். ஓசையில்லாமல் வெட்டி ஒட்டிய பதிப்புகள் பிள்ளைகள் பெரியவர்களாகும்போது நம்பிக்கையைக் கெடுக்கின்றன.

3. கற்பிட்டியில் பிறந்தவர்

3.1 மனிதர்

அடுக்கின் நடுவில் வைக்கப்பட வேண்டியவர் சைமன் காசிச்செட்டி. 1807 இல் கற்பிட்டியில் பிறந்தார். கொழும்புச் செட்டி வகுப்பைச் சேர்ந்தவர். புத்தளத்தில் மணியகாரராகப் பணியாற்றி, 1838 இல் சட்டநிருபண சபைக்குத் தமிழர் சார்பில் நியமிக்கப்பட்டார். பின்னாளில் சிலாபத்தில் நீதிபதியாக இருந்து, 1860 இல் இறந்தார். வாழ்வின் பெரும்பகுதியும் இந்த ஒரு கரையிலேயே கழிந்தது. கொழும்பின் பெரிய நூலகங்களும் யாழ்ப்பாணத்தின் புலவர் கூட்டமும் கைக்கு எட்டாத இடத்தில் இருந்துகொண்டு, தமிழ் ஆராய்ச்சியாளர் இன்றும் எடுத்துப் பார்க்கும் நூல்களை எழுதினார். இதை உள்ளூர்ப் பெருமையாகச் சொல்லி முடித்துவிடுவது அவருக்குச் செய்யும் நியாயம் ஆகாது. நூல்களைத் திறந்து பார்க்க வேண்டும்.

3.2 இலங்கைக் கசெட்டியர்

1834 இல் கோட்டே திருச்சபை மிஷன் அச்சகத்தில் பதிப்பான இலங்கைக் கசெட்டியர், தீவின் ஊர்கள், ஆறுகள், துறைகள், மலைகள் ஆகியவற்றை அகரவரிசையில் விவரிக்கும் ஆங்கில நூல். அப்போது ஆசிரியருக்கு வயது 27. ஆட்சியாளருக்குப் பயன்படும் குறிப்பு நூலாகத்தான் அது வெளியானது. ஆனாலும் வாசிப்பவர் கண்ணில் படுவது வேறு: ஊருக்கு வெளியே நின்று எண்ணிக்கை எடுக்கும் உத்தியோகத்தரின் குரலும், அந்த ஊர்ப் பழங்கதையைச் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தவரின் குரலும் அதில் மாறி மாறி ஒலிக்கின்றன. பிள்ளையிடம் தன் ஊரின் பெயரைத் தேடச் சொல்லி, 1834 இல் அவ்வூர் எப்படி இருந்தது என்று வாசித்துக் காட்டுவதற்கு இதைவிட நல்ல நூல் இக்கரைக்கு இல்லை. அகரவரிசை இங்கே பெரிய வசதி. தொடக்கத்திலிருந்து வாசிக்க வேண்டியதில்லை.

இதற்கு அடுத்துப் பிராங்க் மொடர் தொகுத்து 1908 இல் வெளியிட்ட புத்தளம் மாவட்டக் கசெட்டியரை வைக்கலாம். காசிச்செட்டி முழுத் தீவையும் ஒரு நூலில் அடக்கினார். மொடர் ஒரு மாவட்டத்தோடு நின்றார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தால் முக்கால் நூற்றாண்டில் ஓர் ஊருக்கு என்ன நேர்ந்தது என்பது தெரியும். உயர்தர வகுப்பு மாணவருக்கு இதைவிட நேரடியான வரலாற்றுப் பயிற்சி கிடைப்பது அரிது.

3.3 தமிழ்ப் புளூட்டாக்

1859 இல், இறப்பதற்கு முந்திய ஆண்டில், அவருடைய தமிழ்ப் புளூட்டாக் யாழ்ப்பாணத்தில் அச்சாயிற்று. கிரேக்க, உரோமப் பெரியோரின் வாழ்க்கைகளை எழுதிய புளூட்டாக்கின் பெயரை வைத்து, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்ந்த ஏறக்குறைய 200 தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை ஆங்கிலத்தில் தொகுத்திருந்தார். தமிழ்ப் புலவர் வரலாற்றை ஒரே நூலில் தொகுத்த முதல் முயற்சிகளில் ஒன்று அது. 1946 இல் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளோடு கொழும்பில் மறுபடி வெளிவந்தது.

ஆராய்ச்சியாளர் இந்நூலில் காணும் குறை, காலவரிசை தளர்வாக இருக்கிறது என்பதும் செவிவழிக் கதைகளை ஆசிரியர் அப்படியே எடுத்துக்கொண்டார் என்பதும். குறை உண்மையே. கம்பரும் ஔவையாரும் ஒட்டக்கூத்தரும் எந்த நூற்றாண்டு என்று அறிய யாரும் இன்று அதை நாட வேண்டியதில்லை. ஆயினும் குடும்ப வாசிப்புக்கு அந்தக் குறையே உதவுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு தமிழ் வீட்டில் புலவர்களைப் பற்றி என்னென்ன கதைகள் சொல்லப்பட்டன என்பதை அது காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆங்கிலம் தடையாக இருக்கும் வீட்டுக்கு இன்னொரு வழி உண்டு. மானிப்பாய் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886 இல் வெளியிட்ட பாவலர் சரித்திர தீபகம் காசிச்செட்டி போட்ட பாதையில் நடந்து, அதை நன்றாக விரிவாக்கித் தமிழிலேயே எழுதப்பட்டது. பழைய உரைநடை, சற்றுப் பொறுமை வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு புலவர் என்று வாசித்தால் ஓர் ஆண்டுக்கு மேல் வரும்.

கற்பிட்டியில் பிறந்தவர் தன் கரையின் புலவர்களை மட்டும் எழுதாமல் தமிழ்நிலம் முழுவதையும் எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும். எதிர்க்கரைப் பரதவரின் தோற்றமும் வரலாறும் பற்றி அவர் எழுதிய கட்டுரையொன்று அரச ஆசியக் கழகத்தின் இதழில் வெளியானது. பிரதேச நூல் என்றால் எல்லைக்கு உள்ளேயே நிற்கும் நூல் என்று எண்ணுவோருக்கு இது நல்ல எதிர்ச்சான்று.

4. கடல்வழி வந்தவர் எழுதியவை

4.1 பிளினி

உரோம எழுத்தாளர் பிளினி தன் இயற்கை வரலாற்று நூலின் ஆறாம் பாகத்தில் தப்ரொபேன் தீவைப் பற்றிச் சொல்லும் கதையை இக்கரைப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் கேட்டிருக்க வேண்டும். செங்கடல் வரி குத்தகைக்காரர் அன்னியஸ் புளோக்காமஸின் விடுவிக்கப்பட்ட அடிமை ஒருவர் அராபியாவைச் சுற்றிப் போகையில் காற்றில் அகப்பட்டு, பதினைந்தாம் நாள் இப்புரோஸ் என்ற துறையில் ஒதுங்கினார். அரசன் அவரை ஆறு மாதம் உபசரித்தான். அவரிடமிருந்து எடுத்த உரோம நாணயங்களில் வெவ்வேறு முகங்கள் பொறித்திருந்தும் எடை ஒன்றாகவே இருப்பதைக் கண்டு, இந்த மக்கள் நேர்மையானவர்கள் என்று மதித்து, கிளாடியஸ் பேரரசனிடம் தூதர்களை அனுப்பினான். கிளாடியஸ் ஆண்டது கி.பி. 41 முதல் 54 வரை. இப்புரோஸ் என்பது குதிரைமலையே என்று ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். அது முடிந்த முடிபு அல்ல என்பதையும் பிள்ளைக்குச் சொல்லலாம். கதை அதனால் கெடாது.

குதிரைமலைக்குத் தென்கிழக்கே பொம்பரிப்பில் கண்டெடுக்கப்பட்ட தாழிப் புதைகுழிகள் இதைவிடப் பழமையானவை. 1970 இல் விமலா பெக்லி நடத்திய அகழ்வின் அறிக்கை தொல்லியல் மாணவருக்கானது. வீட்டு அடுக்கில் அது வேண்டியதில்லை, பாடசாலை நூலகத்தில் ஒரு பிரதி போதும்.

4.2 இபுனு பதூதா

1344 இல் மாலைதீவிலிருந்து புறப்பட்ட முஸ்லிம் பயணி இபுனு பதூதாவின் கப்பல், அவர் பத்தாலா என்று அழைக்கும் ஊரில் வந்து ஒதுங்குகிறது. அதைப் புத்தளம் என்றே பெரும்பாலோர் கொள்கின்றனர். மரத்தாலான மதிலும் மரக் கோபுரங்களும் கொண்ட சிறிய அழகிய ஊர். வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையில் குவிந்து கிடக்கின்றன. ஆட்சி ஆரியச்சக்கரவர்த்தியுடையது. அரசனுக்குப் பாரசீகம் விளங்குகிறது, முத்துகளைக் காட்டுகிறான், வேண்டுவதைக் கேள் என்கிறான். சிவனொளிபாதமலையைத் தரிசிக்க வேண்டும் என்பது மட்டுமே பயணியின் வேண்டுகோள். பல்லக்கு ஒன்று தரப்படுகிறது. ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை போகும் நான்கு யோகிகள், மூன்று பிராமணர், அரசனின் ஆட்கள் பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் என்று துணையும் சேர்கிறது. வழியில் பந்தர் சலாவாத் என்ற துறையைக் கடக்கிறார்கள். அதைச் சிலாபம் என்பர்.

புத்தளக் கரையைப் பற்றிய நூல்களில் உரக்க வாசிப்பதற்கு முதலிடம் இப்பகுதிக்கே தர வேண்டும். முஸ்லிம் பயணியும் சைவ அரசனும் யோகிகளும் ஒரே பாதையில் நடப்பதை எந்த உபதேசமும் இல்லாமல், நடந்தது நடந்தபடி சொல்கிறது. மலைவழியில் யானைக்குட்டியைக் கொன்று தின்ற கூட்டத்தை யானைகள் இரவில் முகர்ந்து பார்த்துக் கொன்றதும், தின்ன மறுத்த பெரியவர் ஒருவரை மட்டும் முதுகில் ஏற்றிக் குடியிருப்புக்கு அருகே கொண்டுபோய் விட்டதுமான கதையும் இங்கேதான் வருகிறது. பிள்ளைகள் இரண்டாம் தடவையும் கேட்பார்கள்.

எச்.ஏ.ஆர். கிப் 1929 இல் வெளியிட்ட ஆங்கிலச் சுருக்கம் எளிதில் கிடைப்பது. நூல் முழுவதையும் குடும்ப வாசிப்பு என்று சொல்ல முடியாது. அடிமைப் பெண்களை விலைக்கு வாங்குவதும் ஊருக்கு ஊர் மணமுடிப்பதும் பயணியின் வாழ்வில் சாதாரணம். இலங்கைப் பகுதியைத் தனியே எடுத்து, முன்னே ஒரு பக்கக் குறிப்பு வைத்தால் போதும்.

5. பொலவத்தை ஏடுகள்

கரையின் தென்கோடியில், மகா ஓயாவுக்கு அருகே, பொலவத்தை என்ற ஊர் இருக்கிறது. கோவாவின் திவார் தீவில் 1676 இல் பிறந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 1705 இல் இலங்கைக்கு வந்து, பல காலம் இங்கிருந்தே எழுதி, 1742 இல் இங்கேயே இறந்தார். கரையின் பெரும்பகுதி ஒல்லாந்தர் கையில்; கத்தோலிக்க வேதம் தடைசெய்யப்பட்டிருந்தது; உள்நாடு கண்டி அரசனுடையது. அந்த எல்லையை ஒட்டி வாழ்ந்த மக்களுக்குக் குருவானவர் அடிக்கடி வரமுடியாது. குரு இல்லாத ஞாயிறுகளில் வாசித்துக் கேட்பதற்கு நூல் வேண்டும். அவருடைய எழுத்தின் காரணம் இதுவே. எழுத்தர்களை வைத்து ஓலையில் படியெடுப்பித்து ஊர் ஊராக அனுப்பினார்.

அவருக்கு முன்னோடியான யோசேப் வாஸ் அடிகளார் 1690 அளவில் யாழ்ப்பாணத்தை விட்டுக் கண்டி அரசின் ஆட்சியிலிருந்த புத்தளத்துக்கு வந்து பணியாற்றினார். 2015 ஜனவரி 14 ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டதால் அவருடைய வாழ்க்கை வரலாறுகள் இரு மொழிகளிலும் பரவலாக இருக்கின்றன. கொன்சால்வெஸ் அளவுக்கு அவர் எழுதியவர் அல்லர். நூல் அடுக்குக்கு முக்கியமானவர் கொன்சால்வெஸே.

சிங்களக் கத்தோலிக்க இலக்கியத்தின் தந்தை என்று அவரைச் சிங்கள அறிஞர் போற்றுகின்றனர். தமிழில் அவர் எழுதிய வியாகுலப் பிரசங்கம், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் நூல். தவக்காலத்தில் தமிழ்க் கத்தோலிக்க ஊர்களில் இராகத்தோடு வாசிக்கப்படுவது. சபை கேட்டு அழுவதற்கென்றே எழுதிய உரைநடை. வாக்கியங்கள் நீளமானவை, ஆனால் மூச்சு விடும் இடம் தெரிந்து வெட்டப்பட்டவை. பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடை எப்படி ஒலித்தது என்று அறிய விரும்பும் எந்தச் சமயத்தவரும் ஒருமுறை உட்கார்ந்து கேட்கலாம். தமிழ் உரைநடை வரலாறுகளில் வீரமாமுனிவருக்கு அத்தியாயங்கள் உண்டு; அதே காலத்தில் இக்கரையில் எழுதிய இவருக்குப் பெரும்பாலும் ஒரு வரி. இலங்கையில் தமிழ்ப் பாடத்திட்டம் வகுப்போர் கவனிக்க வேண்டிய ஏற்றத்தாழ்வு இது.

6. கதையும் பாட்டும்

6.1 குதிரைமலை அரசி

குதிரைமலையில் அல்லி அரசாணியின் கோட்டை இருந்தது என்பது இக்கரையின் நாட்டுக்கதை. அல்லியின் கதையை முழுமையாகச் சொல்வது அல்லி அரசாணி மாலை. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கினாலும் உண்மையில் நாட்டுப்பாடல் மரபைச் சேர்ந்தது. பெரிய எழுத்துப் பதிப்பாகத் தமிழ்நாட்டுச் சந்தைகளில் விற்கப்பட்டது. ஆணுக்கு அடங்காமல் ஆளும் அரசி, அவள்மேல் ஆசைகொண்ட அருச்சுனன், கண்ணனின் தந்திரம் என்று விறுவிறுப்பாக ஓடும்.

அளவுகோல் தடுக்குவது இங்கேதான். அருச்சுனன் பாம்பாக மாறி அந்தப்புரம் புகுவதும், உறங்குபவள் கழுத்தில் அவள் அறியாமல் தாலி கட்டுவதும் அக்காலத்துக் கேட்போருக்குச் சிரிப்பூட்டியிருக்கலாம். இன்று ஒரு தாய் இதைத் தன் மகளுக்கு வாசிக்கும்போது அந்தச் சிரிப்பு வராது. இதற்காக நூலை ஒதுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. வளர்ந்த பிள்ளைகளோடு வாசித்து, அல்லி கோபப்பட்டது சரியா என்று கேட்டால் வீட்டில் பேச்சு வளரும். சிறு பிள்ளைகளுக்கு அரசி ஆண்ட கதையே போதும். மகாவம்சம் சொல்லும் விசயன், குவேனி கதைக்கும் இதே நியாயம் பொருந்தும். கணவனுக்கு நாடு பிடித்துக் கொடுத்த பெண்ணும் அவள் பிள்ளைகளும் துரத்தப்படுகிறார்கள்; அக்கதையை விசயன் பக்கம் நின்று மட்டும் சொல்லித்தரும் பாடநூலுக்குப் பக்கத்தில் மூலத்தின் மொழிபெயர்ப்பையும் வைத்தால் பிள்ளையே மற்றப் பக்கத்தைக் கண்டுகொள்ளும்.

6.2 முக்கரர் போர்

முக்கர ஹட்டன என்ற சிங்கள ஓலைச்சுவடி, கோட்டே அரசன் பராக்கிரமபாகுவின் காலத்தில் புத்தளத்து முக்குவருக்கும் தமிழகக் கரையிலிருந்து வரவழைக்கப்பட்ட கரையார் படைக்கும் நடந்த போரைச் சொல்கிறது. படி ஒன்று இன்று பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. சொன்னதெல்லாம் வரலாறு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; ஒரு சமூகம் தான் எப்படி வந்தது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்ட கதை அது. மட்டக்களப்பு முக்குவரைப் பற்றி டெனிஸ் மக்கில்வ்ரே 2008 இல் வெளியிட்ட ஆய்வோடு சேர்த்து வாசித்தால், ஒரே சமூகம் இரு கரைகளில் இரு விதமாக ஆனதை உணரலாம்: கிழக்கில் சைவராகவும், மேற்கில் இஸ்லாமியராகவும் கத்தோலிக்கராகவும்.

6.3 நாட்டார் கதைகள்

நீர்ப்பாசனப் பகுதியில் பணியாற்றிய எச். பார்க்கர், 1910 இலும் 1914 இலும் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட இலங்கைக் கிராமிய நாட்டார் கதைகளில் பெரும்பங்கு வடமேல் மாகாணத்தில் கேட்டு எழுதியது. அடுக்கில் பிள்ளைகள் முதலில் கை வைக்கப்போவது இதில்தான். நரியும் முதலையும், ஏமாந்த ராட்சசனும், கெட்டிக்கார மருமகளும் தமிழ்ப் பாட்டி சொல்லும் கதைகளிலிருந்து அதிகம் வேறுபடவில்லை. பார்க்கர் கதைகளை மெருகேற்றாமல் கேட்டபடியே எழுதினார். அதனால் சில கதைகள் திடீரென்று முடிகின்றன, சில தடம் மாறுகின்றன. வாசிப்பவர் வாயில் அவை தாமே சீர்படும்.

உடப்பில் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டு, பாட்டில் பாதியும் உடல் உழைப்பில் பாதியுமாக இருப்பது. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் கயிற்றை இழுத்தபடி ஏற்கிறார்கள். அச்சில் வரும்போது அந்த ஏற்றம் போய்விடுகிறது. சொல்லளவில் பார்த்தால் பல அடிகள் வெறும் ஓசைதான். ஆகவே அம்பாவுக்கு நூலை மட்டும் நம்பாமல் ஒலிப்பதிவையும் சேர்த்தே வைக்க வேண்டும். உடப்பூர் வீரசொக்கன், உடப்பூர் பெரி. சோமாஸ்கந்தர் என ஊர்ப்பெயரை முன்னே வைத்து எழுதியவர்கள் அவ்வூரில் உள்ளனர். இத்தனை சிறிய கரையூருக்கு இது சாதாரணம் அல்ல. ஆடி மாதத்தில் திரௌபதி அம்மன் கோயிலில் நடக்கும் பதினெட்டு நாள் விழாவும் தீமிதிப்பும் இருப்பதால் உடப்புப் பிள்ளைக்கு மகாபாரதம் புத்தகம் திறக்கும் முன்பே தெரிந்த கதை. அந்த வீட்டில் பாரத நூல் பெரிதாக இருக்கலாம். தொடக்கப் பதிப்புகள் வேண்டியதில்லை.

7. கள ஆய்வுகள்

பெரியவர்களுக்கான மேல் தட்டு இது; சுருக்கமாகப் பார்க்கலாம். முன்னேஸ்வரம் பற்றி ரொஹான் பஸ்ரின் 2002 இல் வெளியிட்ட நூல், சிவன் கோயிலையும் அருகிலுள்ள காளி கோயிலையும் நாடி இந்துக்களோடு பௌத்தரும் கத்தோலிக்கரும் வருவதை ஆராய்கிறது. கோட்பாட்டு மொழி கடினம். சிலாபத்துக்கு வடக்கேயுள்ள மீனவ ஊர் ஒன்றில் தங்கி ஆர்.எல். ஸ்டிரற் எழுதி 1988 இல் வந்த நூல், நைலோன் வலையும் இயந்திரப் படகும் வந்தபின் மீனவர், மீன் விற்கும் பெண்கள், வியாபாரிகள் ஆகியோரிடையே உறவு எப்படி மாறிற்று என்று காட்டுகிறது. மீன்பிடித் தொழிலில் இருக்கும் குடும்பம் இதை வாசித்தால் தன் சொந்தக் கணக்கையே வாசிப்பதுபோல் இருக்கும். முஸ்லிம்களின் நீண்ட வரலாற்றுக்கு லோர்னா தேவராஜா 1994 இல் எழுதிய நூல். புத்தளத்துக்கென்றே தமிழில் ஏ.என்.எம். ஷாஜஹான் எழுதிய புத்தளம் வரலாறும் மரபுகளும். இந்த அடுக்கில் ஒரு நூல் மட்டும் வாங்கப் பணம் இருக்கிறது என்பவர் வாங்க வேண்டியது கடைசியில் சொன்னதையே. தமிழில் இருக்கிறது; ஊருக்குள்ளிருந்து எழுதப்பட்டிருக்கிறது.

8. 1990 க்குப் பின்

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர்; யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வந்துசேர்ந்தது புத்தளக் கரைக்கு. கற்பிட்டி, புத்தளம், முந்தல் பகுதிகளில் ஓலைக் கொட்டில்களாகத் தொடங்கிய முகாம்கள் பின்னர் ஊர்களாயின. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இவ்வரலாறு குடும்ப வாசிப்புக்கு ஏற்றதா என்று தயங்குவோர் உண்டு. இதை விட்டுவிட்டால் இக்கரையின் பல வீடுகளில் தகப்பன் எந்த ஊர் என்ற கேள்விக்கே விடை இல்லாமல் போகும். வந்தவர்களும் ஏற்கெனவே இருந்தவர்களும் தண்ணீருக்கும் வேலைக்கும் பள்ளி இடத்துக்கும் போட்டியிட்ட கதையை கத்ரின் புரூன் 2008 இல் வந்த தன் நூலில் பொறுமையாகச் சொல்கிறார். ஷாரிகா திராணகம 2011 இல் வெளியிட்ட நூல், யாழ்ப்பாணத் தமிழரின் இழப்பையும் புத்தளத்து முஸ்லிம் அகதிகளின் இழப்பையும் ஒரே நூலுக்குள் வைத்துப் பார்க்கிறது. இரு தரப்பாரும் மற்றவரின் பக்கத்தைப் புரட்டாமல் மூடிவைக்க முடியாத வகையில் அமைந்தது. வெளியேற்றம் பற்றிய பிரசைகள் ஆணைக்குழுவின் அறிக்கையும் 2011 இல் வெளிவந்தது. தமிழில், முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்த கவிஞர் முல்லை முஸ்ரிபாவின் இருத்தலுக்கான அழைப்பு போன்ற கவிதைத் தொகுதிகள் உள்ளன. அறிக்கையால் சொல்ல முடியாததைக் கவிதை சொல்லும் என்ற பழக்கப்பட்ட வாதத்தை இங்கு வைக்கவில்லை. உரக்க வாசிக்க வசதியானது கவிதை, அவ்வளவுதான் காரணம்.

9. எதிர்க்கரை

மன்னார் வளைகுடாவின் இரு கரையும் ஒரே தொழிலையும் பல இடங்களில் ஒரே உறவையும் கொண்டவை. ஆகவே புனைகதைக்கு எதிர்க்கரையையும் அண்டைக் கரைகளையும் நாடுவதில் தவறில்லை. தோப்பில் முஹம்மது மீரானின் ஒரு கடலோர கிராமத்தின் கதை 1988 இல் நூலாக வந்தது. கற்பிட்டி முஸ்லிம் வாசகர் அதில் பல முகங்களை அடையாளம் காண்பார். ஜோ டி குருஸின் ஆழிசூழ் உலகு (2004) கத்தோலிக்க மீனவர் வாழ்வின் பெருங்காவியம் என்று சொல்லத்தக்கது; வசவும் வன்முறையும் தாராளம், ஆகவே பெரியவர் தட்டு. தகழியின் செம்மீனைச் சுந்தர ராமசாமி தமிழாக்கினார். செங்கை ஆழியானின் வாடைக்காற்று, பருவத்துக்கு வாடி போட வரும் மீனவருக்கும் நெடுந்தீவாருக்கும் இடையிலான உறவைச் சொல்லி 1978 இல் படமாகவும் வந்தது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கிழக்குக் கரைக்கு வாடி போட்டுப் போகும் குடும்பங்கள் சிலாபத்திலும் உடப்பிலும் இருப்பதால் அது இங்கே அந்நியமாகத் தோன்றாது.

பிள்ளைகளுக்கு மார்ட்டின் விக்கிரமசிங்கவின் மடொல் தூவ. 1947 இல் சிங்களத்தில் வந்த இந்நாவல் தமிழிலும் கிடைக்கிறது. கொக்கலைக் களப்பின் தீவொன்றில் இரண்டு பையன்கள் தனியே வாழப்போகும் கதை. புத்தளம் களப்பைப் பார்த்தபடி வளரும் பையனுக்கு அதற்குமேல் முன்னுரை வேண்டியதில்லை.

10. அடுக்கும் முறையும் ஒரு முன்மொழிவும்

மேலே சொன்ன நூல்களைத் திரும்பிப் பார்த்தால் ஒரு நிலை தெளிவாகிறது. கரையைப் பற்றிய அடிப்படை நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன.  2005 இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களை இலவசமாக வாசிக்கத் தருவதால் தமிழ்ப் பக்கம் ஓரளவு சமாளிக்கலாம். 1834 இன் கசெட்டியரைக் கற்பிட்டி மீனவரின் பிள்ளை வாசிப்பதற்கு வழி செய்வது வேறு வேலை.

முழு மொழிபெயர்ப்புகளுக்காகக் காத்திருப்பதைவிட ஒரு சிறு தொகுப்பு நூல் பயன் தரும். காசிச்செட்டி, மொடர் இருவரும் இக்கரை ஊர்களைப் பற்றி எழுதிய பகுதிகள், பிளினியின் நாணயக் கதை, இபுனு பதூதாவின் பத்தாலாப் பகுதி, பார்க்கர் கேட்ட கதைகளில் ஏழெட்டு, வியாகுலப் பிரசங்கத்தில் ஒரு பகுதி, இடம்பெயர்ந்தோர் தாமே சொன்ன வாக்குமூலங்கள் சில. நூற்றைம்பது பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. கண் மங்கிய பெரியவர்தான் பெரும்பாலும் வாசித்துக் காட்டப்போகிறவர் என்பதால் பெரிய எழுத்துப் பதிப்பின் அளவிலேயே எழுத்து இருக்க வேண்டும். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் சிங்களம் என்று அச்சிட்டால் மாரவிலையிலும் வென்னப்புவவிலும் பாட்டி ஒரு பக்கத்தையும் பேரப்பிள்ளை மறுபக்கத்தையும் வாசிக்கலாம். ஊர்ப்பெயர்களை மட்டும் இரு மொழியிலும் அவ்வூரார் சொல்கிறபடியே எழுத வேண்டும். அதைச் சரிபார்க்கப் பல்கலைக்கழகத்தைவிடப் புத்தளம் பேருந்து நிலையத்தில் ஊர் கூவும் நடத்துநர்களே பொருத்தமானவர்கள்.